ஏழு மூட்டைக்கு ஆறு பெயர்

உ
முருகன் துணை

பசறை,
20.02.2025

நிரஞ்சலாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இரண்டு மாதமாக நீ என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. காலையில் உன் அண்ணன் போனை நீட்டி, "ஒரு வார்த்த கேட்டுரு, முடிஞ்சிரும்" என்றார். நான் வாங்கவில்லை. உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். சிவஞானம் அண்ணனின் ஆட்களை ஏன் அழித்தாய்?

நேற்று மிளகு கம்பெனியிலிருந்து மிப்ரான் தம்பி பேசினார். ஜனவரி 25ஆம் திகதி லொறியில் நாம் ஏற்றிவிட்ட மூட்டைகளில் ஒன்று பூஞ்சணம் பிடித்திருக்கிறதாம். 214ஆம் நம்பர். கொழும்பு ஸ்டோரில் பக்கத்து மூட்டைகளுக்கும் பரவிவிட்டதாம். "அக்கா, அது யார்ட கொடி மொளகு எண்டு சொல்லுங்க. பொறுப்பான ஒரு ஆள மட்டும் ஒரு சீசனுக்கு நிப்பாட்டுவம். சொல்ல ஏலாட்டி நாப்பத்திமூணு குடும்பத்தயும் லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்றாங்க" என்றார். மார்ச் 10ஆம் திகதி நேரில் வருகிறார். லெப்டொப்பில் இருப்பதைத்தான் பார்ப்பாராம்.

இதற்காகத்தானே நாம் இரண்டு பேரும் லெப்டொப்பில் இந்த டேட்டாபேஸைப் போட்டோம் என்று தைரியமாகத் திறந்தேன். நாற்பத்திமூன்று குடும்பத்தில் பன்னிரண்டுதான் இருக்கிறது. அது நான் சேர்த்த பன்னிரண்டு. சிவஞானம் அண்ணன் தேயிலைத் தோட்டத்தில் டிவிஷன் டிவிஷனாக, வரிசை வீட்டு லயம் லயமாக ஏறி இறங்கிச் சேர்த்த முப்பத்தொரு குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. அவர்கள் கொண்டுவந்த மூட்டைகளும் இல்லை. 214ஐத் தேடினால் திரை வெள்ளையாக நிற்கிறது.

சிவஞானம் அண்ணனின் கருமாதியன்று, ஜனவரி 26, நீ வந்தாய். இலையில் உட்காரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து சாமி அறைக்குப் பக்கத்தில் லெப்டொப்பைத் திறந்து பத்து நிமிடம் இருந்தாய். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். உன்னையும் என்னையும் தவிர அதைத் தொடுபவர் யாருமில்லை.

என்மேல் கோபமென்றால் என் பன்னிரண்டையும் அழித்திருக்கலாம். லயத்து ஆட்கள் உனக்கு என்ன செய்தார்கள்? வீட்டைச் சுற்றி நாலு கொடி ஏற்றி, கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு மிளகு உருவிக் காயவைக்கிறவர்கள். நீ கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, நான் லயத்தில் பிறந்தவள். அது எப்போதும் நமக்கு நடுவில் இருந்தது. இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை.

அந்த வாரம் மழையும் சாவு வீடுமாகப் போனது. யார் எந்த மூட்டையைக் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் கணக்கு எழுதும் கொப்பிகளையும் நீதான் தூக்கிக்கொண்டு போனாய்.

பதில் எழுது.

பாக்கியலெட்சுமி


ஹல்துமுல்லை,
23.02.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை தேயிலை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன மிஸ், ஊட்டுல யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நான் எதையும் அழிக்கவில்லை.

சொல்லாமல் பஸ் ஏறினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கருமாதிக்கு வந்தவள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டா போவாள்? விரதம், திதி, தீட்டு எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் நீங்களா இதைக் கேட்கிறீர்கள்?

அந்தப் பத்து நிமிடம் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். டிசம்பர் 15க்குப் பிறகு நீங்கள் தனியாகப் பதிந்தவற்றைப் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டையும் சரியான குடும்பத்தின் கீழே இருந்தது. ஒரு தப்புகூட இல்லை. அதை உங்களிடம் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

டிசம்பர் 15 உங்களுக்கு நினைவிருக்கிறதா? இரண்டு வீரய்யா ஒரே டிவிஷனில் இருக்கிறார்கள், பெயரை மட்டும் நம்பினால் ஒருவர் மிளகு மற்றவர் கணக்கில் விழும், அதனால் ஆளுக்கொரு நம்பர் வேண்டும் என்றேன். மூட்டையோடு வந்திருந்த பத்துப் பெண்களுக்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எங்க ஆளுகளுக்கு வெள்ளக்காரன் தோட்டத்துல போட்ட நம்பரு போதாதா, நீ வேற போடுறியா?" எல்லாரும் சிரித்தார்கள். தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அது உங்கள் கடிதத்தில் இல்லை.

ஆனால் அதே நம்பரை நீங்கள் நாற்பத்திமூன்று பேருக்கும் போட்டு முடித்திருந்ததை 26ஆம் திகதி பார்த்தேன்.

சண்டையை ஓரமாக வைப்போம், மார்ச் 10 வரையாவது. முப்பத்தொரு குடும்பம் மட்டும் போய், பன்னிரண்டு அப்படியே இருக்கிறது என்றால் யாரோ ஒவ்வொன்றாக அழிக்கவில்லை. வேரில் ஏதோ நடந்திருக்கிறது. நாம் மூன்று பட்டியல் போட்டோம் அல்லவா? முதலாவது சேர்ப்பவர்கள். இரண்டாவது குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தச் சேர்ப்பவர் என்று. மூன்றாவது மூட்டைகள், ஒவ்வொரு மூட்டைக்கும் எந்தக் குடும்பம் என்று. மூன்றையும் கோடு போட்டு இணைத்ததை நீங்கள் பார்த்து, "மூணும் கை கோத்து நிக்குதே" என்றீர்கள்.

முதல் பட்டியலைத் திறந்து அதில் யார் யார், எந்த நம்பரில் என்று எழுதுங்கள். ஜனவரி 26க்குப் பிறகு அந்த ஃபைலில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். சின்னது, பெரியது என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

நிரஞ்சலா


உ
முருகன் துணை

பசறை,
26.02.2025, சிவராத்திரி

நிரஞ்சலாவுக்கு,

விரதத்தோடு எழுதுகிறேன். இன்று பொய் எழுத முடியாது.

சேர்ப்பவர் பட்டியலில் இருப்பவர்கள்: ஒன்று, பிள்ளையார். மூன்று, பாக்கியலெட்சுமி. இரண்டு இல்லை.

பிள்ளையாரைப் பழகுவதற்காகப் போட்டோம், பிறகு எடுக்கலாம் என்று நீ சொன்னாய், நான் விடவில்லை. அவர் முதலில் இருந்தால்தான் மற்றது நடக்கும் என்றேன். இரண்டாம் நம்பர் சிவஞானம் அண்ணன்.

அவர் பெயரை நான்தான் எடுத்தேன்.

கருமாதிக்கு மறுநாள், 27ஆம் திகதி. குளித்து, சாம்பிராணி போட்டு, லெப்டொப்பைத் திறந்தேன். இறந்தவர் பெயர் உயிரோடு இருக்கிறவர்கள் வரிசையில், அதுவும் பிள்ளையாருக்கு அடுத்து நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதினாறு முடிந்த பிறகும் அவரைக் கூப்பிட்டு வேலை வாங்குவது போல இருந்தது. அவர் வரியைத் தொட்டு, அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. நீளமான கேள்வி. உண்மையாகவே எடுக்கவா என்று கேட்கிறது என நினைத்தேன். "நல்லபடியா போய்ச் சேருங்கண்ணே" என்று கும்பிட்டுவிட்டு ஆம் என்பதை அழுத்தினேன். சீசன் முடிந்திருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஒரு பெயரைத்தானே எடுத்தேன். ஒரே ஒரு வரி. அதற்கும் முப்பத்தொரு குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு என்று நீ எழுதுவாய் என்று தெரிகிறது. எழுதிவிடு.

கருமாதியன்று சொல்லாமல் போனது பற்றி நான் எழுதியது தப்பு. சொல்லிக்கொண்டு போகக்கூடாதுதான்.

பாக்கியலெட்சுமி


ஹல்துமுல்லை,
28.02.2025

அண்ணி,

இதைத் தபாலில் போடவில்லை. நாளை சனிக்கிழமை அண்ணன் சாமான் எடுக்கப் பதுளைக்கு வருவார் அல்லவா? காலை பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் பேசிவிட்டேன். உள்ளே ஒரு பென் டிரைவ் இருக்கிறது. மழையில் நனைய விடாதீர்கள்.

சம்பந்தம் உண்டு. அந்தக் கேள்வி, அவரோடு இணைந்த குடும்பங்களும் மூட்டைகளும் சேர்ந்து அழியும், பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறது. நீங்கள் ஆம் என்றீர்கள். அது சொன்னபடி செய்தது.

ஆனால் அண்ணி, சாதாரணமாக அது அப்படிக் கேட்கவே கேட்காது. கீழே ஆட்கள் இருக்கும்போது மேலே இருப்பவரை எடுக்க முடியாது என்று மறுத்துவிடும். பட்டியல்களைக் கோடு போட்டு இணைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. மேலே உள்ளதை அழித்தால் கீழே உள்ளதையும் சேர்த்து அழி என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் சரி அடையாளம் போட்டவள் நான். பழகும்போது போட்ட பொய்ப் பெயர்களை ஒரே அடியில் துடைக்க வசதியாக இருக்கும் என்று போட்டேன். பிறகு எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் டிசம்பர் 15 வந்துவிட்டது. நான் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினேன், அந்தச் சரி அங்கேயே இருந்தது.

கத்தியை உறையில் போடாமல் உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனவள் நான். அழித்தது நீங்கள் மட்டும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சண்டை போட்ட அன்று, நீங்கள் அடுப்படியில் இருந்தபோது, ஃபைலின் பிரதி ஒன்றை இந்தப் பென் டிரைவில் எடுத்தேன். உங்களிடம் கேட்கவில்லை. என் உழைப்பு என்ற வீம்பு. அதில் சிவஞானம் அண்ணன் இரண்டாம் நம்பரில் இருக்கிறார், முப்பத்தொரு குடும்பமும் இருக்கிறது. ஆனால் மூட்டைகள் 171 வரைதான். கருமாதியன்றும் பென் டிரைவ் என் பையில் இருந்தது. ஒரு நிமிட வேலை. எனக்கு உரிமை இல்லாத பொருள் என்று நினைத்து எடுக்காமல் வந்தேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. முதலில் இப்போதுள்ள பழுதான ஃபைலைப் பிரதி எடுத்துத் தனியே வையுங்கள். அதை அழிக்காதீர்கள். உங்கள் பன்னிரண்டு குடும்பத்தின் புது மூட்டைகள் அதில்தான் இருக்கின்றன. பிறகு பென் டிரைவில் உள்ளதை லெப்டொப்பில் போட்டுத் திறவுங்கள். முதல் வேலையாக அந்தக் கட்டத்துச் சரியை எடுங்கள். எங்கே என்று பின்பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். இனிமேல் அது மறுத்தால் மறுக்கட்டும்.

172 முதல் 214 வரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனி ரசீதில் நம்பரும் நிறையும் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. உங்கள் எட்டுக் கொப்பிகளிலும் இதற்கு முந்தைய வருடங்கள்தான் இருக்கின்றன. இரண்டு தடவை எழுதாதீர்கள் என்று நான்தான் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

யாரோ, எங்கேயோ, அந்தப் பெயர்களை எழுதியிருக்க வேண்டும். யோசியுங்கள்.

நிரஞ்சலா


உ
முருகன் துணை

பசறை,
03.03.2025

நிரஞ்சலாவுக்கு,

பென் டிரைவ் நனையாமல் வந்தது. உன் அண்ணன் அதைச் சட்டைப் பையில் போட்டு, மேலே ரெயின்கோட்டும் போட்டு, "தாலிக்கொடி மாதிரி கொண்டாந்துருக்கேன்" என்று கொடுத்தார்.

நீ சொன்னபடி செய்தேன். சரியை எடுத்தேன். பிறகு சோதித்துப் பார்க்கலாம் என்று, உனக்குக் கோபம் வரும், சிவஞானம் அண்ணனின் வரியைத் தொட்டு அழிக்கும் பொத்தானை மறுபடி அழுத்தினேன். மாட்டேன் என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு குடும்பத்தின் மூட்டைகளையும் பழைய ஃபைலைப் பார்த்துப் பதிந்துவிட்டேன். நாற்பத்திமூன்று பேருக்கும் ஆளுக்கொரு நம்பரையும் மறுபடி போட்டேன்.

யோசி என்று எழுதியிருந்தாய். யோசித்தேன், கிடைத்தது. சாமி அறையில்.

உனக்குத் தெரியாது. சீசன் காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் மிளகு கொண்டுவந்தவர்களின் பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்வேன். நம்மை நம்பிப் பொருளைக் கொடுக்கிறார்கள், அவர்களுக்காக நான் செய்வது அது. பெயரும் நட்சத்திரமும் ஒரு துண்டில் எழுதி ஐயரிடம் கொடுப்பேன். மூட்டை வந்த வரிசையில்தான் எழுதுவேன், அது என் பழக்கம். ஐயர் துண்டைத் திருநீற்றோடு மடித்துத் தருவார். தூக்கிப்போட மனம் வராது. முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன்.

டிசம்பர் 20இலிருந்து ஜனவரி 24 வரை ஆறு வெள்ளிக்கிழமை. ஆறு துண்டும் இருந்தன. திருநீறு அப்பி, ஒன்றில் எண்ணெய் பட்டிருந்தது. கம்பெனி ரசீதைப் பக்கத்தில் வைத்து, நம்பருக்கு நேராகப் பெயரை வைத்துக்கொண்டே போனேன். இரண்டு வீரய்யாவும் வந்தார்கள். ஒருவர் உத்திரம், ஒருவர் அனுஷம். குழப்பமே இல்லை. நீ நம்பர் போட்டுப் பிரித்தாய், நான் நட்சத்திரம் போட்டுப் பிரித்திருக்கிறேன்.

207 வரை அச்சுப் போல இறங்கியது. கடைசித் துண்டு, ஜனவரி 24. ரசீதில் அந்த வாரத்துக்கு 208 முதல் 214 வரை ஏழு மூட்டை. ஏழும் சிவஞானம் அண்ணன் பக்கத்து மூட்டைகள். துண்டில் ஆறு பெயர்தான் இருக்கிறது.

ஏழாவது யார் என்று தெரியவில்லை. துண்டு எங்கும் கிழியவில்லை. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

பாக்கியலெட்சுமி


ஹல்துமுல்லை,
05.03.2025

அண்ணி,

நீங்கள் எதையும் மறக்கிறவர் இல்லை. நான் வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன நிறப் பாவாடை கட்டியிருந்தேன் என்று இன்றைக்கும் சொல்வீர்கள்.

ஏழு மூட்டை, ஆறு பெயர். அந்த வாரத்தில் யாருடைய பெயருக்கு நீங்கள் அர்ச்சனை செய்திருக்க முடியாது?

ஜனவரி 24. பதினாறு முடிய இன்னும் இரண்டு நாள்.

நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள்.

நிரஞ்சலா


உ
முருகன் துணை

பசறை,
07.03.2025

நிரஞ்சலாவுக்கு,

இதை நாளைக்கு உன் அண்ணன் பதுளையில் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்.

நினைவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது உண்மை இல்லை. தெரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதியதும் உண்மை இல்லை. சிவராத்திரியன்று பொய் எழுத மாட்டேன் என்று அவ்வளவு பெருமையாக எழுதினேன். அன்று நீ இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

214 புஷ்பம் கொண்டுவந்தது. சிவஞானம் அண்ணனின் புஷ்பம்.

ஜனவரி 11ஆம் திகதி அவர் கண்ணை மூடியபோது, உருவிய மிளகு வாசலில் பாயில் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. சாவு வீட்டில் யார் மிளகை அள்ளுவார்கள்? 23ஆம் திகதி வியாழக்கிழமை, எல்லாரும் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அவள் தனியாகத் தலையில் மூட்டையோடு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. தீட்டு என்று வாசலுக்கு வெளியே நின்றாள். "அக்கா, கருமாதிக்கு முன்ன இத ஏத்தி உட்ருங்க. அவரு உருவுனது. வூட்டுல வச்சிப் பாக்க முடியல" என்றாள்.

நான் மூட்டைக்குள் கையை விட்டேன். எத்தனை வருடமாக மிளகு தொடுகிற கை. காய்ந்த மிளகு கையில் உருளும், இது ஒட்டியது. ஈரம். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால், "போயி ரெண்டு வெயிலு காட்டிக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இறந்த வீட்டிலிருந்து வந்த பொருளைத் திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. வாங்கினேன். நம்பர் போட்டேன். மறுநாள் அர்ச்சனைத் துண்டில் ஆறு பெயர் எழுதி நிறுத்தினேன்.

மிப்ரான் தம்பி 214 என்று சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபைலைத் திறந்து, எல்லாம் அழிந்திருந்ததைப் பார்த்தபோது முதலில் வந்தது பயம் இல்லை, நிரஞ்சலா. நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இனி நான் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நிமிடம்தான் நாற்பத்திமூன்று குடும்பமும் நினைவுக்கு வந்தது. அதற்கும் அடுத்த நிமிடம் உன்மேல் பழி போட்டேன்.

பழியைப் பற்றி வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது சொல். அவள் பெயரை எழுதினால் புருஷன் போன கையோடு அந்த மிளகும் போகும். எழுதாவிட்டால் அவர் சேர்த்த அத்தனை குடும்பத்துக்கும் போகும். வேறு யாருடைய பெயரையாவது போட்டால்? எனக்குள்ளே அதையும் நினைத்துப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி


பதுளை பஸ் நிலையம்,
08.03.2025

அண்ணி,

கடிதத்தை அண்ணன் பஸ்ஸில் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீஸ் வேலையாகப் பதுளைக்கு வந்தேன், நேரிலேயே வாங்கிவிட்டேன். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அவருடைய சாமான் துண்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். "அப்பிடியே பசறைக்கு வந்துட்டுப் போயேன்டி" என்கிறார். இன்னும் வர முடியவில்லை. கோபம் இல்லை. என்னவோ முடியவில்லை.

214க்கு நேரே யார் பெயரைப் போட்டாலும் அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அந்தக் குடும்பம் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், உண்மையா என்று பார்க்காது. அதற்குத் தெரியாததை நான் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எதை எழுதினாலும் முதலில் புஷ்பம் அக்காவின் லயத்துக்குப் போங்கள். மிப்ரான் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

டீ முடிந்துவிட்டது.

நிரஞ்சலா


உ
முருகன் துணை

பசறை,
10.03.2025

அன்புள்ள நிரஞ்சலாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை புஷ்பத்திடம் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கோடாலியைக் கீழே வைக்காமலே கேட்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

"ஈரமுன்னு எனக்கும் தெரியுங்கக்கா, உங்களுக்கும் தெரியும். எழுதுங்க. மறைச்சா அவரு அம்புட்டு லயத்துக்கும் ஏறி எறங்குனது வீணாப் போகும்" என்றாள்.

பிறகு நான் அவர் பெயரை எடுத்ததையும், அதனால் நடந்ததையும் சொன்னேன். அப்போதுதான் கோடாலியை வைத்தாள்.

"அவரு பேர எதுக்குங்கக்கா எடுத்தீங்க? செத்துட்டாரு, பேர எடுக்கணும், சர்டிபிகட்டு கொண்டா, கொப்பி கொண்டான்னு ஆபீசு ஆபீசா என்னைய அலைய உடுறாங்க. எல்லா எடத்துலயும் வெட்டிட்டாங்க. உங்க பொட்டியிலயாவது இருக்கட்டுமே."

நல்லது செய்வதாக நினைத்துக் கும்பிட்டுச் செய்த காரியம் அது. வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். உன்னைக் கேட்காமல் இரண்டு காரியம் செய்தேன். இரண்டுக்கும் முன்னால் பிரதி எடுத்துக்கொண்டேன், பயப்படாதே.

முதலாவது, சேர்ப்பவர் பட்டியலில் ஒரு கட்டம் கூட்டினேன். 'இப்போது சேர்க்கிறாரா' என்று. ஆம் அல்லது இல்லை. சிவஞானம் அண்ணனுக்கு நேரே 'இல்லை' என்று போட்டேன். அவர் இரண்டாம் நம்பரிலேயே இருக்கிறார். அவருக்குக் கீழே முப்பத்தொரு குடும்பமும் இருக்கிறது.

இரண்டாவது, மூட்டைப் பட்டியலில் ஒரு கட்டம். 'ஏற்றுக்கொண்டவர்'. யார் கையை விட்டுப் பார்த்து, சரி என்று வாங்கினார்களோ அவர் பெயர். இது இல்லாமல் நாம் எப்படி இத்தனை நாள் இருந்தோம்? மூட்டை தானாக நடந்து வந்து லொறியில் ஏறியது போல எழுதி வைத்திருக்கிறோம்.

214க்கு நேரே எழுதியது இது. குடும்பம்: புஷ்பம், சிவஞானம் வீடு. ஏற்றுக்கொண்டவர்: பாக்கியலெட்சுமி. குறிப்பு: ஈரம் என்று தெரிந்தே ஏற்றேன்.

மிப்ரான் தம்பி இன்று பத்து மணிக்கு வந்தார். டீயைத் தொடவில்லை. முதல் பட்டியலைப் பார்த்ததும், "அக்கா, இது ஆரு ஒண்ணாம் நம்பர்? பிள்ளையாரா? அவர் எத்தின மூட்ட தந்தாரு?" என்றார்.

"அவரு ஒன்னும் தரலீங்க தம்பி. காவலுக்கு இருக்காரு."

சிரிக்கவில்லை. ஆனால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேண்டுமென்றே அங்கொன்றும் இங்கொன்றுமாக நம்பர் சொன்னார். 96, 143, 188, 205. ஒவ்வொன்றுக்கும் குடும்பமும் டிவிஷனும் வந்து நின்றது. 188க்கு வீரய்யா வந்ததும், "எந்த வீரய்யா?" என்று கேட்டார். நம்பரைக் காட்டினேன். உன்னை நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக 214. குறிப்பை விரலால் தொட்டு இரண்டு தடவை படித்தார். உன் அண்ணன் கடைக்குப் போகாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இப்பிடி ஒருத்தரும் எழுத மாட்டாங்களே அக்கா. இத எழுதினா நான் ஆர நிப்பாட்டுறது?"

"பொறுப்பான ஆளன்னு நீங்கதான தம்பி சொன்னீங்க? அந்தப் புள்ள ஈரத்தக் கொண்டாந்து குடுத்துச்சு. வேணாமுன்னு சொல்ல வேண்டிய எடத்துல நான் நின்னேன். சொல்லல."

வெளியே போய்க் கொழும்புக்குப் பேசினார். நான் சாமி அறைப் பக்கம் திரும்பவில்லை. இதற்கு முருகனைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்று தோன்றியது.

திரும்பி வந்து சொன்னார். நாற்பத்திமூன்று குடும்பமும் இருக்கும், புஷ்பமும் இருக்கிறாள். அடுத்த சீசன் முழுவதும் நான் ஒரு மூட்டையையும் ஏற்கக் கூடாது. கையை விட்டுப் பார்க்கவும் கூடாது, கையெழுத்துப் போடவும் கூடாது. கம்பெனி ஒப்புக்கொள்ளும் வேறு ஒருவர் ஏற்க வேண்டும். அந்த ஆள் இந்த ஃபைலை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். "அப்பிடி ஒராள் இருக்காங்களா?" என்று கேட்டார்.

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் லெப்டொப்பைப் பார்த்தேன்.

மிளகு பற்றி உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். காய்ந்தது கையில் உருளும், ஈரம் ஒட்டும். அதைப் புஷ்பம் காட்டித் தருவாள், அவளிடம் கேட்டுவிட்டேன். சனி, ஞாயிறு மட்டும் வந்தால் போதும். அன்றைக்கு அந்தப் பத்துப் பெண்களுக்கு முன்னால் நான் சொன்னதை, அதே பத்துப் பேருக்கு முன்னால் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீ சோற்றை விட்டு எழாமல் இருந்தால் போதும்.

ஏற்பவர்களுக்கு என்று ஒரு புதுப் பட்டியல் போட்டு, முதல் வரியில் உன் பெயரைப் பதிந்துவிட்டேன். கேட்காமல் பதிந்தேன். பிள்ளையாருக்குக்கூட இந்தத் தடவை முதல் இடம் கொடுக்கவில்லை.

உனக்கு வேண்டாமென்றால் நீயே வந்து மாற்று. ஆனால் அழிக்காதே, நிரஞ்சலா. பக்கத்துக் கட்டத்தில் 'இல்லை' என்று போடு. உன் பெயர் அங்கேயே இருக்கட்டும்.

உன் அண்ணி,
பாக்கியலெட்சுமி